வீட்டு கார் ஷெட்டில் டூ போஸ்ட் லிஃப்ட்: டேப் பிடிப்பதிலிருந்து முதல் கார் ஏறும் வரை

டூ போஸ்ட் லிஃப்ட் என்பது இரண்டு தூண்களிலிருந்து நீளும் கைகளால் (ஆர்ம்) காரைத் தூக்கி நிறுத்தும் இயந்திரம். லிஃப்டை வாங்கி, அது வீட்டு வாசலில் வந்து இறங்கிய பிறகு தரையைப் பார்ப்பதுதான் புதிதாக இறங்குபவர்கள் செய்யும் பெரிய தவறு. ஒன்றரை டன் கார் தலைக்கு மேல் நிற்கும்போது அதைப் பிடித்துக்கொண்டிருப்பது பத்துப் பன்னிரண்டு போல்ட்டுகள். அந்த போல்ட்டுகளைப் பிடித்துக்கொண்டிருப்பது கான்கிரீட். அதனால் வேலையின் வரிசை இதுதான்: அளவு, தரை, கரன்ட், கடைசியில் லிஃப்ட்.

கீழே உள்ள கணக்கெல்லாம் வீடுகளுக்கு அதிகம் வாங்கப்படும் 4 டன், தரைத்தகடு வகை (இரு தூண்களுக்கு நடுவே ரோப்பையும் ஹோஸையும் தரையில் ஒரு தகடு மூடியிருக்கும்) டூ போஸ்ட் லிஃப்டுக்கானது. உங்கள் லிஃப்டின் கையேட்டில் வேறு அளவு இருந்தால் கையேட்டில் உள்ளதையே எடுத்துக்கொள்ளுங்கள்.

1. இடம் போதுமா?

அகலம்: இந்த வகை லிஃப்டின் வெளி அகலம் சுமார் 3.4 மீட்டர். மோட்டாரும் எண்ணெய்த் தொட்டியும் ஒரு தூணுக்கு வெளியே இன்னும் ஓர் அடி நீட்டிக்கொண்டிருக்கும். ஆள் நடக்க இடம் விட்டால் ஷெட்டின் உள் அகலம் 14 அடியாவது வேண்டும். நம் ஊர் கார் ஷெட் பெரும்பாலும் 10 அடி அகலம்தான். அங்கே டூ போஸ்ட்டை எப்படியும் நுழைத்துவிடலாம் என்று பார்க்காதீர்கள். கத்திரிக்கோல் போல விரிந்து பாதி உயரம் தூக்கும் சிஸர் லிஃப்டே அந்த இடத்துக்குச் சரி.

உயரம்: பலர் தூணின் உயரத்தை மட்டும் பார்க்கிறார்கள். தரைத்தகடு வகையில் தூண் சுமார் 2.8 மீட்டர், 10 அடி கூரைக்குள் அடங்கிவிடும். ஆனால் கூரையில் இடிக்கப்போவது காரின் தலை. ஸ்விஃப்ட் போன்ற கார் சுமார் 1.5 மீட்டர் உயரம். 3 மீட்டர் கூரையில் 10 செ.மீ. இடைவெளி விட்டால் சக்கரம் தரையிலிருந்து 1.4 மீட்டர்தான் எழும். இன்னோவா என்றால் 1.1 மீட்டர்தான். நிமிர்ந்து நின்று வேலை செய்ய, சிறிய காருக்கு 11 அடி, இன்னோவாவுக்கு 12 அடி கூரை தேவை. 10 அடிக் கூரையில் ஸ்டூலில் உட்கார்ந்து வேலை செய்ய வேண்டியிருக்கும். அதற்கும் பயன் உண்டு, ஆனால் தெரிந்தே முடிவெடுங்கள்.

அளக்கும்போது சீலிங்கை மட்டும் அளந்துவிட்டு வராதீர்கள். பீம் ஓர் அடி கீழே இறங்கியிருந்தால் அந்த இடத்தில் உயரம் 9 அடிதான், 2.8 மீட்டர் தூண் அதில் முட்டும். ஃபேன், டியூப் லைட், ஷட்டர் உருளை எல்லாவற்றின் அடிப்பகுதியையும் அளங்கள்.

நீளம்: காருக்கு முன்னும் பின்னும் ஒரு மீட்டர் வேண்டும். முன் இன்ஜின் கார்களில் எடையின் நடுப்புள்ளி ஏறக்குறைய முன் சீட்டுக்குக் கீழே விழும். தூண்களின் கோடு அந்த இடத்தில் வர வேண்டும் என்பதால், எதிர்ச் சுவரிலிருந்து சுமார் 3 மீட்டரில் கோட்டை வைத்தால் ஹாட்ச்பேக்குக்கும் எம்யூவிக்கும் பொதுவாகப் பொருந்தும். முடிவு செய்யும் முன் காரை உள்ளே விட்டு, சீட்டுக்கு நேராகத் தரையில் சாக்பீஸால் கோடு போட்டுப் பாருங்கள். கதவு திறந்தால் தூணில் இடிக்குமா என்பதும் அப்போதே தெரிந்துவிடும்.

2. தரைக்குக் கீழே என்ன இருக்கிறது?

நம் வீடுகளில் தண்ணீர் சம்ப் பெரும்பாலும் போர்டிகோவுக்கோ கார் ஷெட்டுக்கோ அடியில்தான் இருக்கும். சில வீடுகளில் செப்டிக் டேங்கும் அங்கேதான். இரண்டில் எதன் மூடி மீதும் லிஃப்ட் தூண் நிற்கவே கூடாது. சம்பின் மேல் தளம் கார் நிற்பதைத் தாங்கும் அளவுக்கே போடப்பட்டிருக்கும். தூண் சாய முயலும்போது ஆங்கரை (தூணைக் கான்கிரீட்டில் பிடிக்கும் போல்ட்டை) மேல்நோக்கி இழுக்கும் விசை அதன் கணக்கில் இல்லை. வீட்டு பிளானைப் பாருங்கள். பிளான் இல்லையென்றால் மூடி இருக்கும் இடத்தைத் திறந்து, உள்ளே சுவர் எதுவரை போகிறது என்று டேப் விட்டு அளங்கள். அபார்ட்மென்ட் ஸ்டில்ட் பார்க்கிங்கில் ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர் எழுத்தில் சொல்லாமல் எதையும் தொடாதீர்கள்.

சம்ப் இல்லையென்றாலும் பழைய தரையை நம்பிவிட முடியாது. ஷெட் தரை என்பது வழக்கமாக 3 அல்லது 4 அங்குல 1:4:8 கலவை, ஒன்றரை ஜல்லி, மேலே பார்க்கிங் டைல் அல்லது பேவர் பிளாக். கார் நிற்க அது போதும். அதில் ஆங்கர் போட்டால் டைட் செய்யும்போதே ஜல்லி பெயர்ந்து போல்ட் சுற்றும். லிஃப்ட் தயாரிப்பாளர்கள் இந்த எடைக்குக் குறைந்தது 4 அங்குல நல்ல கான்கிரீட், சுமார் 20 மெகாபாஸ்கல் வலு என்று கேட்பார்கள். அது அடியில் இறுகிய மண் இருக்கும் பெரிய தளத்துக்குச் சொன்னது. நம் ஷெட்டில் ஓரத்தில் 16 மி.மீ. பிட்டால் ஒரு துளை போட்டு, வெளியே வரும் தூளையும் கனத்தையும் பாருங்கள். பத்தில் ஒன்பது ஷெட்டுகளில் புதுத் தளம் போடுவதே பாதுகாப்பு.

3. தளம் போடுதல்

தளம் போடுவதற்கு முன் விற்பனையாளரிடமிருந்து இரண்டு விஷயம் கையில் இருக்க வேண்டும்: தூண் அடித்தகட்டின் அளவுப் படம், ஆங்கரின் விட்டமும் நீளமும். லிஃப்டை இப்போது கொண்டுவந்து இறக்கச் சொல்லாதீர்கள், படம் மட்டும் வாங்குங்கள்.

இரண்டு தூணுக்கும் தனித்தனிக் குழி தோண்டுவதைவிட ஒரே தளமாகப் போடுவது மேல். காரின் எடை இரண்டு தூணையும் உள்நோக்கிச் சாய்க்கப் பார்க்கும். ஒரே தளமாக இருந்தால் இரண்டு பக்கத்து விசையும் ஒன்றையொன்று எதிர்த்து அடங்கிவிடும். தனிக்குழி என்றால் ஒவ்வொன்றும் மண்ணில் தனியாகத் திரும்பப் பார்க்கும்.

அளவு: 4 மீட்டர் நீளம், 1.8 மீட்டர் அகலம், 250 மி.மீ. கனம், எம்25 கலவை (28 நாளில் 25 மெகாபாஸ்கல் வலு). அதற்கான பொருள்கள்:

சிமென்ட் 20 மூட்டை, எம் சாண்ட் 25 கன அடி, முக்கால் ஜல்லி 50 கன அடி. அதாவது 1:1:2. கம்பி 10 மி.மீ., 12 மீட்டர் நீளத்தில் 17 கம்பிகள். மேலும் கீழும் இரண்டு வலைகள், இரு திசையிலும் 150 மி.மீ. இடைவெளி. நீளவாட்டுக் கம்பி 3.9 மீட்டர் என்பதால் ஒரு கம்பியில் மூன்று துண்டு வரும், அகலவாட்டுக் கம்பி 1.7 மீட்டர் என்பதால் ஏழு துண்டு வரும். மேல் வலையைத் தாங்க நாற்காலிக் கம்பிகளுக்கு மட்டும் கொஞ்சம் கூடுதலாக வாங்குங்கள்.

வரிசை:

சுமார் 475 மி.மீ. ஆழம் தோண்டுங்கள். அடி மண்ணைத் தண்ணீர் விட்டு திமிசு போட்டு இறுக்கி, 150 மி.மீ. கிராவல் நிரப்பி மறுபடி இறுக்கி, மேலே 75 மி.மீ. 1:4:8 கான்கிரீட் போடுங்கள். கரிசல் மண் என்றால் இந்த ஆழம் போதாது. அது மழையில் உப்பும், வெயிலில் சுருங்கும். தளத்தைத் தூக்கி இறக்கும். 2 அடியாவது கூடுதலாக எடுத்துவிட்டுக் கிராவலை அடுக்கடுக்காக இறுக்க வேண்டும். அங்கே ஒரு சிவில் இன்ஜினியரை வரவழைத்துக் காட்டுவது நல்லது.

கம்பி கட்டும் முன் அடித்தகட்டின் படத்தை அதே அளவில் ஒரு பிளைவுட்டில் வெட்டி, ஆங்கர் துளைகளையும் போட்டுக்கொள்ளுங்கள். தூண் நிற்கப்போகும் இடத்தில் அந்தப் பலகையை வைத்து, துளைக்கு நேராக எந்தக் கம்பியும் வராதபடி மேல் வலையைக் கட்டச் சொல்லுங்கள். ஒரு கம்பியை 3 செ.மீ. நகர்த்துவது கட்டுக் கம்பி முறுக்கும் நேரத்தில் அரை நிமிட வேலை. கான்கிரீட் இறுகிய பிறகு டிரில் பிட் கம்பியில் முட்டி நின்றால் அரை நாள் போகும், பிட்டும் போகும். பலகையைத் தூக்கி எறியாதீர்கள், பின்னால் தேவைப்படும்.

மோட்டாருக்கு வயர் போகும் பைப்பை இப்போதே, தளத்தின் ஓரமாகப் புதைத்துவிடுங்கள். ஆங்கர் இடங்களுக்கு அருகே அது போகக்கூடாது.

கலவையில் தண்ணீர்தான் வலுவைத் தீர்மானிக்கும். ஒரு மூட்டைக்கு 22 லிட்டர், ஈர மணல் என்றால் இன்னும் குறைவு. கலவை ஓடட்டும் என்று ஆட்கள் குழாயைத் திறந்துவிடுவார்கள். பக்கத்திலேயே நின்று பார்த்துக்கொள்ளுங்கள். கெட்டியாக இருக்கிறதென்றால் அதற்கு வைப்ரேட்டர் இருக்கிறது. கரண்டியால் குத்துவது 250 மி.மீ. கனத்துக்குப் போதாது, கம்பிக்கு அடியில் தேன்கூடு போல ஓட்டைகள் விழும். போடுவதை இடையில் நிறுத்தாமல் ஒரே மூச்சில் முடியுங்கள், இடையில் விட்டால் அங்கே ஒரு பலவீனமான மூட்டு உருவாகும்.

கொத்தனார் வழக்கப்படி வாசலை நோக்கிச் சரிவு வைப்பார். இந்தத் தளத்தில் மட்டும் சரிவு வேண்டாம், ரசமட்டத்துக்குச் சமமாக இருக்கட்டும். கார் கழுவும் தண்ணீருக்கான சரிவைத் தளத்துக்கு வெளியே தொடங்கலாம்.

மறுநாள் பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்துங்கள், 14 நாள். கடையில் கிடைப்பது பெரும்பாலும் பி.பி.சி. (சாம்பல் கலந்த) சிமென்ட், அது மெதுவாகவே வலு ஏறும், தண்ணீர் அதிக நாள் கேட்கும். 28 நாள் ஆகும் முன் ஆங்கர் போடாதீர்கள். ஏழாம் நாளில் தளம் மேலே கல்லாக இருக்கும். ஆங்கர் விரிந்து அழுத்தும்போதுதான் உள்ளே இன்னும் பச்சை என்பது தெரியும். இந்தத் தளத்தின் மேல் டைல் ஒட்டவும் கூடாது. ஒட்டினால் அடித்தகடு கான்கிரீட்டில் உட்காராது, முதல் பாரத்தில் டைல் நொறுங்கி போல்ட் தளர்ந்துவிடும்.

4. கரன்ட்

28 நாள் காத்திருக்கும்போது இந்த வேலையை முடித்துவிடலாம். மோட்டார் பொதுவாக 2.2 கிலோவாட். சிங்கிள் ஃபேஸில் ஓடும்போது சுமார் 15 ஆம்பியர் இழுக்கும், கிளம்பும் நொடியில் அதைப் போல நாலைந்து மடங்கு. அதனால் மெயின் போர்டிலிருந்து தனி லைன், 4 சதுர மி.மீ. காப்பர் வயர், சி வகை 25 ஆம்பியர் எம்.சி.பி., மின்கசிவு வந்தால் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. ஏ.சி. பாயின்ட்டிலிருந்து இழுத்துக் கொடுக்காதீர்கள். பாரத்தோடு கிளம்பும்போது வோல்டேஜ் இறங்கி, மோட்டார் ஹம் என்று முனகி நின்றுவிடும், கெப்பாசிட்டரும் அடிவாங்கும்.

வீட்டில் த்ரீ ஃபேஸ் இருந்தால் த்ரீ ஃபேஸ் மோட்டாரே வாங்குங்கள். ஃபேஸுக்கு 5 ஆம்பியர்தான், மாலை நேர லோ வோல்டேஜையும் ஓரளவு சமாளிக்கும். எர்த் வயர் மோட்டாருக்கும் தூணுக்கும் கட்டாயம்; ஈரத் தரையில் இரும்புத் தூணைப் பிடித்து நிற்கப்போகிறீர்கள். காசு வாங்கி மற்றவர் கார்களைப் பார்ப்பதானால் வீட்டு இணைப்பில் செய்யக்கூடாது, அதற்கு வணிகக் கட்டண இணைப்பு வாங்க வேண்டும்.

5. பெட்டி பிரிப்பு

ஒவ்வொரு தூணும் 200 கிலோவுக்கு மேல். இரண்டு தூணையும் ஒன்றின் மேல் ஒன்றாக வைத்து இரும்புச் சட்டத்தில் போல்ட் செய்து அனுப்புவார்கள். அந்தச் சட்டத்தின் கடைசி போல்ட்டைக் கழற்றும்போது மேல் தூண் உருளும். செயின் பிளாக்கில் மேல் தூணை மாட்டி, பாரம் செயினுக்கு வந்த பிறகே சட்டத்தைக் கழற்றுங்கள். செயின் பிளாக்கை ஷெட் பீமில் இருக்கும் ஊஞ்சல் கொக்கியில் மாட்டாதீர்கள், முக்காலி ஸ்டாண்ட் வாடகைக்குக் கிடைக்கும்.

போல்ட், ஷிம் தகடு (மட்டம் சரிசெய்யச் சொருகும் மெல்லிய தகடு), ரோப், ஹோஸ் எல்லாவற்றையும் பட்டியலோடு சரிபார்த்து, ஆங்கர் போல்ட் எந்த வகை என்று பாருங்கள். அடுத்த வேலைக்கு வாங்கும் டிரில் பிட் அதைப் பொறுத்தது.

6. குறியிட்டுத் தூண் நிறுத்துதல்

காரின் மையக் கோட்டை நூல் பிடித்து நீல மாவு தட்டிப் போடுங்கள். அதற்குக் குறுக்கே தூண்களின் கோடு. 3-4-5 கணக்கில் மூலைமட்டம் பார்த்து, பிறகு இரண்டு அடித்தகட்டுக்கும் மூலைவிட்டம் அளங்கள். இரண்டு மூலைவிட்டமும் 3 மி.மீ.க்குள் ஒத்திருக்க வேண்டும். கோணல் இருந்தால் ரோப்பும் ஆர்மும் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டே இருக்கும், பிறகு எவ்வளவு அட்ஜஸ்ட் செய்தாலும் அடங்காது.

மோட்டார் வரும் தூணை முதலில் நிறுத்துங்கள். இன்னொருவர் தூணை விடாமல் பிடித்திருக்கட்டும், ஒரு ஆங்கர்கூட இல்லாத தூண் கை பட்டாலே சாயும்.

7. ஆங்கர் போல்ட்

நேரம் அதிகம் கொடுக்க வேண்டிய வேலை இதுதான், அதிகம் கெடுவதும் இங்கேதான்.

வெட்ஜ் வகை ஆங்கருக்கு போல்ட்டின் விட்டமே துளையின் விட்டம். ஸ்லீவ் வகைக்குத் துளை பெரியது. முக்கால் அங்குல வெட்ஜ் ஆங்கர் வந்திருந்தால் அதற்கு 19 மி.மீ. பிட் வேண்டும். கடையில் 18-ம் 20-ம் எளிதில் கிடைக்கும், 19 தேட வேண்டியிருக்கும். ஒரு மி.மீ.தானே என்று 20 போட்டால் ஆங்கர் பிடிக்காது. பிட்டை முன்கூட்டியே வாங்கி வையுங்கள்.

சாதாரண டிரில் இதற்கு ஆகாது, எஸ்.டி.எஸ். மேக்ஸ் ரோட்டரி ஹேமரை ஒரு நாள் வாடகைக்கு எடுங்கள். அடித்தகட்டின் துளை வழியாகவே, மெஷினை நேர்செங்குத்தாகப் பிடித்துத் துளையிடுங்கள். துளையை ஆங்கருக்குத் தேவையான ஆழத்தைவிட 2 செ.மீ. கூடுதலாகப் போடுங்கள். தளத்தின் விளிம்பிலிருந்து எந்தத் துளையும் 150 மி.மீ.க்குக் குறைவாக இருக்கக்கூடாது.

பிறகு தூசி. துளையை ஊதி, கம்பி பிரஷ் விட்டுச் சுற்றி, மறுபடி ஊதுங்கள். சுவரில் மாவு ஒட்டியிருந்தால் ஆங்கர் அந்த மாவைப் பிடித்துக்கொண்டிருக்கும். டைட் செய்யும்போது நல்ல பிடிப்பு போலத் தெரியும், சில வாரத்தில் தளரும். வாயால் ஊதினால் கண்ணில் அடிக்கும், புளோயர் பயன்படுத்துங்கள்.

போல்ட்டை அடிக்கும் முன் வாஷரும் நட்டும் மாட்டி, நட்டின் மேல் பகுதி போல்ட்டின் முனைக்குச் சமமாக இருக்கட்டும். சுத்தியல் அடி மரையில் விழாது. எல்லா போல்ட்டும் உள்ளே இறங்கிய பிறகு, இறுக்கும் முன், தூக்குக்குண்டு விட்டுத் தூணை இரு திசையிலும் பாருங்கள். சாய்ந்திருந்தால் அடித்தகட்டுக்கு அடியில், போல்ட்டை ஒட்டி, குதிரை லாட வடிவ ஷிம் தகடு சொருகுங்கள். மொத்தம் 12 மி.மீ.க்கு மேல் ஷிம் தேவைப்பட்டால் தளம் சரியில்லை என்று பொருள், அதை ஷிம்மால் மூடி மறைக்காதீர்கள். தூண் உள்பக்கம் துளியும் சாயக்கூடாது, பாரம் ஏறினால் அந்தப் பக்கம்தான் இன்னும் வளையும்.

இறுக்குவதற்கு டார்க் ரெஞ்ச் (எவ்வளவு இறுக்குகிறோம் என்று அளந்து காட்டும் ஸ்பேனர்) மட்டும். கையேட்டைப் பொறுத்து 115 முதல் 200 நியூட்டன் மீட்டருக்குள் இருக்கும். இம்பாக்ட் ரெஞ்ச் போட்டால் இறுக்கம் அளவு மீறி, கான்கிரீட்டை வெடிக்க வைக்கலாம். நல்ல கான்கிரீட்டில் கையால் இறுக்கிய பிறகு மூன்று முதல் ஐந்து சுற்றுக்குள் டார்க் வந்துவிடும். அதற்கு மேலும் நட் சுற்றிக்கொண்டே போனால் போல்ட் மேலே வந்துகொண்டிருக்கிறது. உடனே நிறுத்துங்கள். அந்த ஒரு போல்ட் இல்லாவிட்டால் என்ன, மற்றவை பிடிக்கின்றனவே என்று விடக்கூடாது. கெமிக்கல் ஆங்கருக்கு (துளையில் பசை ஊற்றி ஒட்டும் வகை) மாறலாமா என்று தயாரிப்பாளரிடம் எழுத்தில் கேளுங்கள். அவர் ஒப்பவில்லையென்றால் அந்தத் தளத்தில் இந்த லிஃப்ட் வேண்டாம்.

இரண்டாவது தூணைத் தரைத்தகட்டோடு பொருத்தி, தூண்களுக்கு இடையிலான தூரத்தை அடியிலும் உச்சியிலும் அளந்து சமமாக்கிய பிறகு, பிளைவுட் பலகையை வைத்து, துளைகள் கம்பி கட்டும்போது பார்த்த அதே இடத்தில்தான் வருகின்றனவா என்று ஒருமுறை பார்த்துவிட்டு டிரில் போடுங்கள்.

8. ரோப், ஹோஸ், எண்ணெய்

இரண்டு பக்கத்து கேரியேஜையும் (தூணுக்குள் ஏறி இறங்கி ஆர்மைத் தாங்கும் பகுதி) ஒரே எண்ணிக்கைப் பூட்டுப் படியில் உட்காரவைத்த பிறகு ஸ்டீல் ரோப்பை மாட்டுங்கள். ஒரு பக்கம் ஒரு படி மேலே இருக்கும்போது ரோப்பை இறுக்கிவிட்டால் கார் சாய்ந்தே எழும். இரண்டு ரோப்பும் ஒரே இறுக்கத்தில் இருக்க வேண்டும்.

ஹோஸின் முனைகளில் பிளாஸ்டிக் மூடிகள் இருக்கும், எல்லாவற்றையும் எடுத்துவிட்டீர்களா என்று எண்ணிப் பாருங்கள். ஃப்ளேர் பிட்டிங்கில் டெஃப்லான் டேப் சுற்றாதீர்கள்; அங்கே உலோகம் உலோகத்தில் உட்கார்ந்துதான் கசிவு அடைபடும், டேப்பின் துணுக்கு வால்வுக்குள் போய்ச் சிக்கினால் லிஃப்ட் தானாக இறங்கத் தொடங்கும்.

எண்ணெய் சுமார் 10 லிட்டர். கையேடு 32 அல்லது 46 (எண்ணெயின் கெட்டித்தன்மை எண்) கேட்கும். இரண்டும் ஆகுமென்றால் நம் வெயிலுக்கு 46. லூப் கடையில் ‘ஹைட்ராலிக் 46’ என்று கேட்டால் கிடைக்கும். லிஃப்ட் முழுதும் இறங்கிய நிலையில் அளவு பார்த்து ஊற்றுங்கள். ஏறிய நிலையில் நிரப்பினால் இறக்கும்போது தொட்டி வழியும்.

த்ரீ ஃபேஸ் மோட்டார் ஓடியும் லிஃப்ட் அசையவில்லையென்றால் சுற்றும் திசை மாறியிருக்கும். உடனே அணைத்து, எம்.சி.பி. ஆஃப் செய்து, ஏதாவது இரண்டு ஃபேஸை எலக்ட்ரீஷியனை விட்டு மாற்றச் சொல்லுங்கள். தலைகீழாக ஓடும் பம்ப் எண்ணெய் கிடைக்காமல் தேய்ந்துவிடும்.

9. காலி ஓட்டம், பிறகு கார்

கார் இல்லாமல் ஆறேழு முறை மேலே ஏற்றி இறக்குங்கள். முதலில் துள்ளித் துள்ளி ஏறும். சிலிண்டரில் இருக்கும் காற்று வெளியேறியதும் சீராகும். ஏறும்போது காதைக் கொடுங்கள். இரண்டு பக்கப் பூட்டும் ஒரே நேரத்தில் ‘டக்’ என்று விழ வேண்டும். ‘டக்-டக்’ என்று முன்பின் கேட்டால் பின்தங்கும் பக்க ரோப்பை நட்டில் கால் சுற்று கால் சுற்றாக இறுக்கிச் சமப்படுத்துங்கள்.

முதல் காராக லேசான ஹாட்ச்பேக்கை எடுங்கள். சில்லில் (கதவுக்குக் கீழே உள்ள விளிம்பில்) ஜாக் வைக்க வெட்டுக்குறி இருக்கும் இடத்துக்குக் கீழே நான்கு ரப்பர் பேடும் வர வேண்டும். பொலேரோ, ஸ்கார்பியோ போன்ற சேஸிஸ் வண்டிகளுக்கு பேடை சேஸிஸில் கொடுக்க வேண்டும், அதற்கு உயர அடாப்டர் தேவைப்படும். ஆர்மின் பல்பூட்டு நான்கும் விழுந்திருக்கிறதா என்று ஒவ்வொன்றையும் கையால் தள்ளிப் பாருங்கள்.

சக்கரம் தரையை விட்டு நான்கு விரல் எழுந்ததும் நிறுத்தி, பம்பரைப் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டுங்கள். முன்பக்கமோ பின்பக்கமோ தணிந்தால் இறக்கி, காரை நகர்த்தி, மறுபடி தொடங்குங்கள். நன்றாக நின்றால் இடுப்பளவு ஏற்றி, லிஃப்டைப் பூட்டின் மேல் இறக்கி உட்காரவைத்து, அரை மணி நேரம் விட்டு, தூக்குக்குண்டால் தூண்களை மறுபடி பாருங்கள். இறக்கிய பிறகு எல்லா ஆங்கரிலும் டார்க் ரெஞ்ச் வைத்துப் பாருங்கள்.

காருக்கு அடியில் போகும்போது பாரம் எப்போதும் பூட்டின் மேல் இருக்க வேண்டும், எண்ணெய் அழுத்தத்தில் இருக்கக்கூடாது. ஏற்றி நிறுத்தியதும் இறக்கும் நெம்புகோலைத் தொட்டுப் பூட்டில் உட்காரவைப்பதை முதல் நாளிலிருந்தே கைப்பழக்கமாக்கிக்கொள்ளுங்கள். வீட்டில் வேறு யாரும் இயக்காதபடி ஸ்விட்சுக்குப் பூட்டும் போடுங்கள்.

10. முதல் மாதம்

ஒரு வாரம் கழித்து ஆங்கர் டார்க், ரோப் இறுக்கம் இரண்டையும் பாருங்கள். புது ரோப் நீளும், பூட்டுச் சத்தம் முன்பின்னாகும். அது இயல்பு, சரிசெய்தால் போதும். ஆனால் அதே ஆங்கர் இரண்டாவது முறையும் தளர்ந்திருந்தால் இயல்பல்ல, அதைக் கண்டறியும் வரை கார் ஏற்றாதீர்கள். அதன் பிறகு ஆங்கரை மாதம் ஒருமுறை பார்த்தால் போதும். ரோப்பைத் துணியால் உருவிப் பாருங்கள். நூல் சிக்கும் இடத்தில் ஒரு கம்பி அறுந்திருக்கும், அப்படி இருந்தால் இரண்டு ரோப்பையும் சேர்த்தே மாற்றுங்கள்.